முதலில் நாலு மூலை

ராஜபாளையத்தில் வீட்டிலிருந்தே கேக் செய்து கொடுக்கும் பெண்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். பேக்கரி வேலையை விட்டு வீட்டில் கிடக்கும் என்னையும் அதில் இழுத்துப் போட்டுவிட்டார்கள். காலையில் கண்ணைத் திறந்தால் யாராவது ஒருத்தி சதுரக் கேக்கின் மூலையைப் படம் பிடித்து அனுப்பியிருப்பாள். "தனம் அக்கா, இங்க மட்டும் ஏன் சுருங்குது?" இன்னொருத்தி, "அக்கா, கிழிஞ்சே போச்சு, பார்ட்டி இன்னைக்கு சாயங்காலம்" என்று அழுகைப் பொம்மையோடு அனுப்பியிருப்பாள். பதில் தட்டித் தட்டி என் கட்டைவிரல் ஓய்ந்துவிட்டது. "ஒரே தடவையா எழுதிக் குடுத்துருங்கக்கா, நாங்க பத்திரமா வச்சுக்கிடுதோம்" என்றார்கள். இதோ எழுதுகிறேன். இதைப் படித்த பிறகும் மூலைப் படம் அனுப்புகிறவளை நான் பிளாக் செய்துவிடுவேன்.

சதுரக் கேக்கின் மேல் சர்க்கரைத் தோலைச் சுருக்கமில்லாமல் போர்த்துவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. அதற்கு உடம்பு வேண்டும், அவ்வளவுதான். பாக்கெட்டில் ஃபாண்டன்ட் என்று எழுதியிருக்கும்; எங்கள் கடையில் எல்லோருக்கும் அது பாண்டன். பொடித்த சர்க்கரை, குளுக்கோஸ் பாகு, கொஞ்சம் தின்கிற கோந்து எல்லாம் சேர்த்துப் பிசைந்து, சப்பாத்தி மாவைப் போலத் தேய்த்து, கேக்கின் மேல் போர்த்த வேண்டும். இப்போது பிசைந்தே விற்கிறார்கள், போர்த்துவதற்கு ஏசி அறையும் இருக்கிறது. நாங்கள் கேக் வேகவைக்கும் அவனடுப்பை ஒட்டிய அறையில் நின்று கையால் பிசைந்தோம். என் வலது கை இன்றைக்கும் தோளுக்கு மேலே எழும்பாது. தலை சீவ இடது கையைப் பழக்கிக்கொண்டேன்.

இன்னொரு சங்கதியும் உண்டு. அந்தத் தோலை யாரும் தின்பதில்லை. கல்யாண வீடுகளில், பிறந்தநாள் வீடுகளில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். கேக்கை வாங்கியதும் தோலை உரித்துத் தட்டோரம் ஒதுக்கிவிடுவார்கள். "ஐயே, ஒரே இனிப்பு" என்பார்கள். பிள்ளைகள் ஒரு தடவை நக்கிவிட்டு அம்மா சேலையில் துடைத்துவிடும். காலையிலிருந்து நின்று நான் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கியது குப்பைக்கூடையில் சுருண்டு கிடக்கும். முதலில் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அப்புறம் விசேஷ வீடுகளில் தட்டுகளின் பக்கம் பார்க்காமல் இருக்கப் பழகிவிட்டேன்.

பேக்கரிக்கு வருவதற்கு முன்னால் ஆஸ்பத்திரித் துணி செய்யும் யூனிட்டில் இருந்தேன். எங்கள் ஊரில் பாதிப் பெண்களின் கை அங்கேதான் பழகியது. புண்ணில் வைக்கும் வலைத்துணியை வெட்டி மடித்து அடுக்குவது என் வேலை. அதில் ஒரே ஒரு சட்டம்: வெட்டிய ஓரம் வெளியே தெரியக் கூடாது. தெரிந்தால் நூல் உதிர்ந்து புண்ணுக்குள் போய்விடும். அதனால் எது மிச்சமாகத் தெரிந்தாலும் உள்ளே மடித்துவிட வேண்டும். வருஷக்கணக்காக அதையே செய்ததில், தூங்கும்போதுகூட என் கை போர்வை ஓரத்தை உள்ளே மடித்துவிடும் என்று வீட்டில் கேலி செய்வார்கள். பஞ்சுத் தூசி நெஞ்சில் சேர்ந்து இருமல் பிடித்துக்கொண்டது. டாக்டர் யூனிட்டை விடச் சொன்னார். பக்கத்துத் தெரு பேக்கரியில் ரஸ்க் பாக்கெட் போட ஆள் கேட்டார்கள், போய்ச் சேர்ந்தேன். நான் எண்ணெய்த்தாளை மடிக்கிற அழகைப் பார்த்துவிட்டுக் காதர் மாஸ்டர் என்னை உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்.

காதர் மாஸ்டர் வளைகுடா நாட்டு ஹோட்டலில் கேக் பிரிவில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். ஒல்லியான மனிதர். அவனடுப்புப் பக்கத்திலும் முழுக்கைச் சட்டையை மணிக்கட்டுவரை பொத்தான் போட்டுத்தான் நிற்பார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கேக்கை முடித்துவிட்டு "மாஸ்டர்" என்று கூப்பிட்டால் வருவார். முதலில் அறை விளக்கை அணைப்பார். ஒரு டார்ச்சை மேஜையோடு மேஜையாகத் தாழ்த்திப் பிடித்துப் பக்கவாட்டில் வெளிச்சம் அடிப்பார். மேலே இருந்து பார்த்தால் பளிங்கு மாதிரி இருக்கும் கேக்கில், அந்த வெளிச்சத்தில் ஒவ்வொரு மேடும் பள்ளமும் நிழல் கட்டி நிற்கும். கேக்கை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார். பிறகு இரண்டில் ஒரு சொல் சொல்வார். "எடுத்துரு" என்றால், மொத்தத் தோலையும் உரித்துவிட்டு மறுபடி போர்த்த வேண்டும். "இருக்கட்டும்" என்றால் பாஸ்.

அதற்கு மேல் பாராட்டு அவரிடம் கிடையாது. வீட்டிலும் அப்படித்தானாம். அவர் சம்சாரம் கடைக்கு வரும்போது சொல்லிச் சிரிப்பார்: "பிரியாணி எம்புட்டு நல்லா வந்தாலும் இவுக வாயில 'இருக்கட்டும்'தான் தனம்." நான் வேலையை விடப் போகிறேன் என்று தோளைத் தடவிக்கொண்டே சொன்ன அன்றும் அதே சொல்லைத்தான் சொன்னார். சரி என்று சொன்னாரா, இருந்துவிடச் சொன்னாரா என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. கேட்கவும் இல்லை. அன்றைக்கு எனக்கு வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது.

நான் கற்றுக்கொண்ட காலத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். எடுத்துரு, எடுத்துரு, எடுத்துரு. அவ்வளவுதான் அந்தக் காலம். காரணம் என் கைதான். பாண்டனைச் சதுரக் கேக்கின் மேல் போட்டால் நாலு மூலையிலும் மிச்சம் விழும், மேஜையில் விரித்த விரிப்பு மூலையில் கொசுவித் தொங்குகிற மாதிரி. மிச்சத்தைக் கண்டதும் என் விரல் தானாகப் போய் உள்ளே மடித்துவிடும். மடிப்பு ஒரு கோடாகத் தெரியும். மாஸ்டர் டார்ச்சை அந்தக் கோட்டில் நிறுத்தி, "தனம், இது புண்ணு இல்ல. கட்டு எதுக்கு?" என்பார். பிறகு, "எடுத்துரு."

நீங்கள் கேட்ட சங்கதிக்கு வருகிறேன். கேக் சில்லென்று இருக்க வேண்டும். அதன் மேல் சாக்லேட்டும் கிரீமும் கலந்த பூச்சைப் பூசி, ஓரங்களைச் செங்கல் மாதிரி கூராக்கி, இறுகும்வரை காத்திருக்க வேண்டும். உள்ளே மழுங்கலாக விட்டுவிட்டுத் தோல் சரிசெய்யும் என்று நினைத்தால் நடக்காது. தோல் எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்கும். பாண்டனைக் கை வெதுவெதுப்பில் பிசைந்து இளக்க வேண்டும். வெயில் காலத்தில் சீக்கிரம் காய்ந்து யானைத் தோல் மாதிரி வரி விழும், அதனால் பேச்சுக் கொடுக்காமல் தேய்க்க வேண்டும். அய்யனார் கோவில் மலைப் பக்கமிருந்து சாரல் காற்று இறங்கும் காலத்தில் வியர்த்துப் பிசுபிசுக்கும், அப்போது சோளமாவைக் கொஞ்சம் தாராளமாகத் தூவிக்கொள்ளலாம். தேய்த்ததை உருளைக் கட்டையில் சுற்றித் தூக்கி, கேக்கின் மேல் தளர்வாக இறக்க வேண்டும். முதலில் மேல்தளத்தை உள்ளங்கையால் நடுவிலிருந்து வெளியே தடவிக் காற்றை விரட்ட வேண்டும்.

இங்கேதான் எல்லோரும் பக்கங்களை ஒட்டப் போவீர்கள். கையை எடுங்கள். முதலில் நாலு மூலை. இரண்டு உள்ளங்கையையும் குவித்து, பிள்ளையின் முகத்தை ஏந்துகிற மாதிரி ஒரு மூலையை ஏந்தி, மேலிருந்து ஒட்டிப் பிடிக்க வேண்டும். கீழே பாவாடை மாதிரி விரிந்து தொங்குகிறதே, அதை மடிக்கக் கூடாது. வெளியே விரித்துவிட்டு, மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தடவி இறக்க வேண்டும். மிச்சம் தானாகவே கீழே போய்விடும். நாலு மூலையும் நின்ற பிறகு பக்கங்கள் தாமாக வந்து ஒட்டும். கடைசியில் அடியில் கூரான கத்தியால் வெட்டி, தட்டைப் பலகை இரண்டை ஒன்று மேலும் ஒன்று பக்கத்திலுமாக வைத்து அழுத்தித் தேய்த்தால் ஓரம் கூராகும். எழுதும்போது இவ்வளவுதான். இதைச் சரியாகச் செய்ய எனக்கு ஒரு வருஷத்துக்கும் மேலே ஆனது.

இன்னும் ஒன்று. மூலை கெட்டுப்போனால் அங்கே சர்க்கரைப் பூவை ஒட்டி மறைப்பது இப்போது எல்லோரும் செய்வது. மாஸ்டர் அதை விடவே மாட்டார். "மூலையில பூ வச்சா, அங்க என்னமோ ஆகிப்போச்சுன்னு ஊருக்கே சொல்லுத மாதிரி" என்பார். நான் பிடிவாதமாக ஒரு தடவை ரோஜா ஒன்றை வைத்தேன். டார்ச் வந்தது. ரோஜாவைக் கையால்கூடத் தொடவில்லை. "எடுத்துரு" என்றார். தோலையா பூவையா என்று கேட்டேன். டார்ச்சை அணைத்துவிட்டுப் போய்விட்டார். இரண்டையும் எடுத்தேன்.

இனி, நான் போர்த்தியதிலேயே என்னை அதிகம் படுத்திய கேக்கைப் பற்றிச் சொல்கிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பேச்சியம்மாள் என்று ஒரு பெரியம்மா வந்தார். கையில் பேத்தியின் போன். அதில் யாரோ கைப்பை மாதிரி, செருப்பு மாதிரி எல்லாம் கேக் செய்திருந்த வீடியோ ஓடியது. "இது மாதிரி ஒரு பெட்டி செஞ்சு குடுப்பியளா?" என்று கேட்டார்.

"நகைப் பெட்டியா பெரியம்மா?" என்றேன்.

"பட்டாளத்துப் பெட்டி தாயி. கறுப்பு டிரங்குப் பெட்டி. மேல வெள்ளை பெயின்ட்டுல பேரும் நம்பரும் எழுதியிருக்கும்."

அவர் மகன் செல்லப்பாண்டி ராணுவத்தில் இருந்து சர்வீஸ் முடித்து வருகிறான். வருகிற கையோடு புனேயில் ஒரு கம்பெனிக்கு செக்யூரிட்டி வேலைக்குப் போகப் போவதாகச் சொல்லிவிட்டானாம். பெஞ்சாதியும் பிள்ளையும் இங்கேயே இருக்கட்டும் என்கிறானாம். பேச்சியம்மாள் மடியில் கையைக் கோத்துக்கொண்டு சொன்னார்: "லீவுல வந்தாலும் அந்தப் பெட்டியத் தொறந்து முழுசாத் துணிய எடுத்து வெளிய வைக்க மாட்டான் தாயி. கட்டில் காலுக்குக் கிட்ட வச்சு, வேணுங்குறத மட்டும் உருவிக்கிடுவான். பெட்டியப் பாத்தாலே எப்பக் கிளம்புவானோன்னு இருக்கும். இந்தத் தடவை அவன் கையாலயே அந்தப் பெட்டிய வெட்ட வைக்கணும். வெட்டித் தின்னு தீத்துட்டா, பொறவு எதத் தூக்கிட்டுப் போவான்?"

இதைக் கேட்டு நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அப்போதுதான் இந்த அம்மா விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்று எனக்கு உறைத்தது. கேக்கை வைத்து மகனை ஊரில் நிறுத்திவிடலாம் என்று உள்ளபடியே நம்பிக்கொண்டு வந்திருந்தார்.

அதோடு விடவில்லை. கேக்குக்குள்ளே வில்லிபுத்தூர் பால்கோவா வைக்க வேண்டும், அவனுக்கு அதுதான் பிடிக்கும், நானே வாங்கி வருவேன் என்றார். மாஸ்டர் முகம் சுருங்கியது. பால்கோவா சூட்டில் நெகிழும், நெய் கக்கும். நெய் பட்டால் பாண்டன் இளகிக் கிழியும். அதிலும் கறுப்புப் பாண்டன். கறுப்பு வரும்வரை வண்ணம் சேர்த்துப் பிசைய வேண்டும், பிசையப் பிசைய அது தளர்ந்துவிடும். சோளமாவு தூவவும் முடியாது, வெள்ளை வெள்ளையாகத் திட்டுத் தெரியும். மேஜையில் வனஸ்பதி தடவித்தான் தேய்க்க வேண்டும். "வேண்டாம்மா, பால்கோவாவைத் தனியா வச்சுக் குடுங்க" என்று மாஸ்டர் சொல்லிப் பார்த்தார். "பெட்டிக்குள்ள வீட்டுச் சாமான் இருக்கணும்ல ஐயா" என்றார் பேச்சியம்மாள். மாஸ்டர் ஆர்டர் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். வருஷக்கணக்கில் வெளிநாட்டில் கிடந்தவர். அவருடைய பெட்டிக்குள்ளே அவர் உம்மா என்னவெல்லாம் வைத்து அனுப்பினாரோ.

இரண்டு சதுரக் கேக்குகளை ஒட்டிப் பெட்டியின் நீளத்துக்குக் கொண்டுவந்தோம். நடுவில் பால்கோவா, சுற்றிலும் சாக்லேட் பூச்சால் வரப்புக் கட்டினேன், நெய் வெளியே வராதபடி. முந்தின நாளே கறுப்பைப் பிசைந்து மூடி வைத்தேன். மறுநாள் காலையில் போர்த்தினேன். நாலு மூலையும் அவ்வளவு கூராக எனக்கு அதற்கு முன்னாலும் வந்ததில்லை, பின்னாலும் வந்ததில்லை. மாஸ்டர் டார்ச் அடித்துப் பார்த்து, "இருக்கட்டும்" என்றார். மேலே வெள்ளையில் பேரையும் நம்பரையும் எழுதினேன், நாதாங்கி வைத்தேன், பக்கத்துக்கு ஒரு கைப்பிடி வைத்தேன். ஃபிரிட்ஜில் ஏற்றிவிட்டு ஒரு டம்ளர் டீ குடித்தேன்.

டீ குடித்து முடிப்பதற்குள் கரண்ட் போனது. மாதப் பராமரிப்பு நாள். பேப்பரில் போட்டிருந்தார்களாம், கடையில் யாரும் பார்க்கவில்லை. மே மாதம், உள்ளே அவனடுப்பு. இன்வெர்ட்டரில் விளக்கும் விசிறியும்தான் ஓடும். ஐஸ் வாங்கிவந்து ஃபிரிட்ஜுக்குள் வைத்துப் பார்த்தோம். மத்தியானம் கரண்ட் வந்து கதவைத் திறந்தபோது, இடது பக்கத்து மூலை உப்பியிருந்தது. உள்ளே பால்கோவா இளகி வரப்பை முட்டித் தள்ளியிருந்தது. உச்சியிலிருந்து பாதி உயரத்துக்குத் தோல் பிளந்து, பிளவில் நெய் பளபளத்தது. பக்கத்தில் கிடந்த மாவு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன்.

கறுப்பில் மிச்சம் கையகலம்தான் இருந்தது. மறுபடி பிசைந்து ஊறவைக்க நேரமில்லை. மகன் மதுரையிலிருந்து சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்குகிறான். பேச்சியம்மாள் ஏற்கெனவே கடை வாசல் பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தார். "மாஸ்டர், வெள்ளித் தகடு மாதிரி ஒண்ணு செஞ்சு மூலையில ஒட்டிருவோம். டிரங்குப் பெட்டியில அப்படி இருக்கும்ல" என்றேன்.

"மறைக்காத தனம்."

"வேற என்னதான் செய்யச் சொல்லுறிய?" எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. மாஸ்டரிடம் நான் குரல் உயர்த்தியது அந்த ஒரு தடவைதான். நின்று நின்று கால் வீங்கியிருந்தது.

சத்தம் கேட்டுப் பேச்சியம்மாள் உள்ளே வந்துவிட்டார். கேக்கைப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் குனிந்து அந்த மூலையையே பார்த்துவிட்டு, "ஏட்டி, இதுக்கா இந்தப் பாடு படுதிய? அவன் பெட்டியிலயும் ஒரு மூலை நசுங்கித்தான் கெடக்கு. ரயிலு மேல்பலகையில இருந்து விழுந்து நசுங்குனது. இந்தா, இதே இடது பக்கந்தான்" என்றார்.

மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். ஸ்பூனை எடுத்தேன். பிளவு வழியாக உப்பியிருந்த பால்கோவாவைச் சுரண்டி எடுத்து ஒரு கிண்ணத்தில் போட்டேன். மூலை உள்ளே குழிந்தது. நெய்யைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, கிழிந்த இரண்டு ஓரத்தையும் உள்ளே மடித்தேன், நூல் வெளியே தெரியாமல் மடிக்கிற அதே மடிப்பு. கையில் மிச்சமிருந்த கறுப்பை உள்ளே கொடுத்துக் கட்டைவிரலால் அழுத்தினேன். எத்தனை வருஷமாக மூலையைக் கூராக்கவே பழகிய கை! நசுக்கு என்றால் அதற்கு வரவே இல்லை.  "இன்னும் கொஞ்சம். நல்லா நசுங்கியிருக்கும்" என்று பேச்சியம்மாள் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார்.

முடித்ததும் வழக்கம்போல மாஸ்டர் விளக்கை அணைத்து டார்ச் அடித்தார். மூன்று மூலை கத்தி மாதிரி. நாலாவது, கீழே விழுந்து அடிபட்ட தகரம். அந்த வெளிச்சத்தில் நானே ஒரு நொடி ஏமாந்துவிட்டேன். மாஸ்டர் வெகு நேரம் பார்த்தார். "இருக்கட்டும்" என்றார்.

ஆம்னி வேனில் கேக்கை மடியில் வைத்துக்கொண்டு நானும் போனேன். ஒவ்வொரு வேகத்தடைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். பேச்சியம்மாள் வீட்டில் கட்டில் காலுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு, அதன் மேல் கேக்கை வைத்தோம். அங்கேதான் அவன் பெட்டி எப்போதும் இருக்குமாம்.

செல்லப்பாண்டி நிஜப் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தான். உள்ளே நுழைந்தவன் முக்காலியைப் பார்த்ததும் அப்படியே நின்றான். தோளில் இருக்கும் பெட்டி முக்காலிக்கு எப்படி வந்தது என்று அவனுக்குக் குழம்பிவிட்டது. பெட்டியை இறக்கிக் கேக்குக்குப் பக்கத்தில் வைத்தான். வீடே சிரித்தது. அவன் சிரிக்காமல் மண்டியிட்டு, நசுங்கிய மூலையை விரலால் தொட்டுப் பார்த்தான்.

"இத யாரு சொன்னது?"

"நாந்தான்" என்றார் பேச்சியம்மாள், பெருமையாக.

"மாத்திச் சொல்லிட்டியே ஆத்தா. இது இடது. நசுங்குனது வலது பக்கம்லா." நிஜப் பெட்டியைத் தட்டிக் காட்டினான். பார்த்தால் அப்படித்தான் இருந்தது.

பேச்சியம்மாள் இரண்டு பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "எனக்கு எப்படிடா தெரியும்?" என்றார். "நீ அதத் தூக்கிட்டுப் போகும்போது பின்னால நின்னு பாக்குறதுதான. பின்னால இருந்து பாத்தா இடதாத்தான் தெரியும்."

 அவன் பெஞ்சாதி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. கேக் கத்தியைத் துடைக்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

செத்த நேரம் கழித்து அவன் கத்தியை வாங்கி வெட்டினான். பேர் எழுதியிருந்த இடத்தை விட்டுவிட்டு, நசுங்கிய மூலையிலிருந்து வெட்டினான். அந்தத் துண்டைத் தானே எடுத்துக்கொண்டு, தின்பண்டம் தின்கிற மாதிரி இல்லாமல் சோறு தின்கிற மாதிரி தின்றான். கறுப்புத் தோலையும் சேர்த்து. தட்டில் ஒரு பொட்டு மிச்சமில்லை. நான் பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்து, "மிச்சம் வச்சுப் பழக்கமில்லக்கா" என்றான். உதடெல்லாம் கறுப்பு. என் தோலைத் தின்ற ஒரே ஆள் அவன்தான்.

"உக்காருங்கக்கா, வந்ததுல இருந்து நிக்கிறியளே" என்றான்.

"நின்னே பழகிருச்சு தம்பி. உக்காந்தாக் கால் குடையும்."

"எனக்கும் அப்படித்தாங்க்கா" என்றான். "வீட்டுல உக்கார வரல. லீவுல வந்தா மூணாம் நாளே எங்க நிக்கன்னு தேட ஆரம்பிச்சுருவேன். ஆத்தாகிட்டச் சொன்னாப் புரியாது."

அன்றைக்கு அவன் சொன்னது எனக்கு முழுதாகப் புரியவில்லை. இப்போது நன்றாகவே புரிகிறது. வேலையை விட்டு வீட்டில் இருக்கும் என்னைக் காலையில் யாரும் எழுப்புவதில்லை, நிற்கச் சொல்வதுமில்லை. ஆனாலும் அடுப்பு மேடையில் ஏதாவது ஒரு மூலையைத் தடவிக்கொண்டு நிற்கிறேன். ஓய்வு என்று பேர், ஓய்வாக இருக்க வரவில்லை. மகளிடம் சொன்னால், "டீவி பாரும்மா" என்கிறாள்.

பேச்சியம்மாள் கடைசித் துண்டு தீரும்வரை பக்கத்திலேயே நின்றார். எல்லோருக்கும் வலிய வலியக் கொடுத்து, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளையெல்லாம் கூப்பிட்டுக் கொடுத்து, பலகையை வெறுமையாக்கிவிட்டுத்தான் உட்கார்ந்தார். "பெட்டி தீந்துபோச்சு பாத்துக்கோ" என்று மகனிடம் சொன்னார். அவன் அம்மாவின் தலையைத் தொட்டுச் சிரித்தான்.

மாம்பழ சீசன் முடிகிற சமயம், பேச்சியம்மாள் கேக் பலகையைத் திருப்பிக் கொடுக்கக் கடைக்கு வந்தார். அட்டைப் பலகைதான், யாரும் திருப்பித் தருவதில்லை. அவர் துடைத்துப் பத்திரமாக வைத்திருந்து, வெறும் பலகையாகக் கொடுக்கக் கூடாது என்று அதன் மேல் சப்பட்டை மாம்பழங்களை அடுக்கிக் கொண்டுவந்திருந்தார். மாஸ்டர் நாற்காலி போட்டு உட்காரவைத்து டீ சொன்னார்.

"மகன் இருக்காப்புலயா பெரியம்மா?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"போயிட்டான் தாயி" என்றார். டீயை ஆற்றினார். "ஆனா நான் கேட்டது கெடைச்சுருச்சு. பெட்டியத் தூக்கல. மதுரையில போயி சக்கரம் வச்ச பை ஒண்ணு வாங்கிட்டு வந்தான். சத்தமில்லாம உருட்டிட்டுப் போறான். பெட்டி வீட்டுலயே இருக்கு."

 மாம்பழத்தைப் பலகையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கூடையில் வைத்தேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சேலையை உதறிக்கொண்டு எழுந்தார். வாசல் வரைக்கும் போனவர் திரும்பி நின்றார்.

"இப்ப கட்டில்ல படுத்துக்கிட்டே அந்தப் பெட்டிய நேருக்கு நேராப் பாக்கேன் தாயி. அவன் சொன்னது சரிதான். நசுங்குனது வலது பக்கந்தான்."